முதல் நாளே சாகாமல் இருக்க: பழைய பாணி டி அண்ட் டி ஆட்டத்துக்கு வரும் புதியவர்களுக்கு

எங்கள் மேசைக்கு முதன்முதலாக வரும் எவரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முன்னூற்று நாலு விளையாடத் தெரியுமா?" அந்தச் சீட்டாட்டம் தெரியும் என்றால் பாதிப் பாடம் முடிந்தது. கையில் நல்ல துரும்பு இருக்கிறது என்பதற்காக எல்லாத் தடவையும் கேட்கக் கூடாது, பாஸ் சொல்லவும் தெரிய வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராமலே விளங்கியிருக்கும். பழைய பாணி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பிழைத்திருப்பவர்கள் பாஸ் சொல்லத் தெரிந்தவர்கள்தான்.

ஆட்டத்தைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் நடுவர், இருண்ட நிலவறை ஒன்றை அவர் சொல்லால் காட்டுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் டைஸ் உருளும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ஆட்டம் இது. நாங்கள் விளையாடுவது 1981இல் டாம் மோல்ட்வே தொடக்கநிலைக்காரர்களுக்குத் திருத்தி எழுதிய வடிவம். 2019இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் அதே விதிகளைத் தெளிவாக அடுக்கித் தருகிறது. கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த வழியைச் சேர்ந்தவை.

புதிய பதிப்புகளை விளையாடிவிட்டு வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே உயிர்ப்புள்ளி (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) பூச்சியமானால் மயங்கி விழுவீர்கள், பிழைக்க இன்னும் சில டைஸ் வீச்சுகள் கிடைக்கும். இங்கே பூச்சியம் என்றால் செத்துப்போனீர்கள். மேல்முறையீடு கிடையாது.

முதலில் சாமான்

திருகோணமலைக் கடைத்தெருவில் 20 பக்க டைஸ் கேட்டால் லூடோப் பெட்டியைத்தான் எடுத்துத் தருவார்கள். கவலை வேண்டாம். 1979 அளவில் அமெரிக்காவிலேயே டைஸ் தட்டுப்பாடு வந்து, ஆட்டப் பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு விற்றார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்: பால்மா டின் ஒன்று, அதற்குள் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகள். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். 6 பக்க டைஸ் மூன்றை லூடோவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போனில் டைஸ் செயலியும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. போன் கைக்கு வந்தால் ஆள் மேசையை விட்டுப் போய்விடுகிறார்.

வரைபடத்துக்குச் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர். விதிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸின் அடிப்படை விதிகள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. விளையாட வருகிறவர் அதையும் முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. நடுவர் வாசித்திருந்தால் போதும்.

பாத்திரம்: பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்

மூன்று டைஸை உருட்டிக் கூட்டுங்கள். ஆறு தடவை. வரும் எண்களை வந்த வரிசையிலேயே வலிமை, அறிவு, விவேகம், லாவகம், உடலுறுதி, கவர்ச்சி என்று எழுதுங்கள். மாற்றி அடுக்கக் கூடாது. வலிமை 6 வந்தால் 6தான். அந்த எண்களைப் பார்த்துவிட்டு எந்த வகை ஆள் என்று தீர்மானியுங்கள்.

போர்வீரனுக்கு உயிர்ப்புள்ளி 8 பக்க டைஸ் ஒரு வீச்சு. மந்திரவாதிக்கும் திருடனுக்கும் 4 பக்க டைஸ். கோப்ளின் என்ற சிறு அரக்கன் ஒன்றின் அடி 1 முதல் 6 வரை. 3 புள்ளி உள்ள மந்திரவாதிமேல் அந்த அடி விழுந்தால், ஆறில் நாலு தடவை கதை அத்தோடு முடிந்தது. இந்தக் கணக்கை முதல் நாளே மனதில் பதித்துக்கொண்டால் மற்ற அறிவுரைகள் எல்லாம் தானாக விளங்கும்.

எந்த வகை நல்லது? முதல் தடவைக்குப் போர்வீரன் அல்லது குள்ளர். மந்திரவாதி ஆசை இருந்தால் அவருக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம்தான் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். அந்த ஒன்று உறக்க மந்திரமாக இருக்கட்டும். தப்பும் வீச்சு (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸ்) இல்லாமல் ஒரு கோப்ளின் கூட்டத்தையே படுக்க வைத்துவிடும். பூசாரி வகை ஆளான கிளெரிக்குக்குத் தொடக்கமான முதல் நிலையில் மந்திரமே கிடையாது. எலும்புக்கூடுகளை விரட்டலாம், அவ்வளவுதான். திருடன் என்ற பெயர்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. முதல் நிலைத் திருடன் பொறியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10. அவனை நம்பிக் கதவருகே நிற்காதீர்கள்.

பாத்திரத்தின் பூர்வீகக் கதையை எழுதாதீர்கள். எங்கள் குழுவுக்கு வந்த ஆசிரியர் ஒருவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். குளக்கோட்டன் பரம்பரை, களவுபோன கோயில் நகை, சபதம், எல்லாம் இருந்தது. இரண்டாவது அறையில் பெட்டி ஒன்றின் பூட்டைக் கையால் தடவினார். நச்சு ஊசி. தப்பும் வீச்சுத் தவறிவிட்டது. உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகவில்லை. பிளேன்டீ கூட இன்னும் ஆறவில்லை. நாலு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி, இன்னொரு தாள் தாங்கோ" என்றார் மனுசன். அன்றிலிருந்து எல்லோரும் இரண்டாவது பாத்திரத்தையும் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறோம்.

கடையில் வாங்குவது

தொடக்கப் பணம் மூன்று டைஸின் கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்கி வருவது. சராசரி 105 பொன். முழுத் தகட்டுக் கவசம் 60, கேடயம் 10, வாள் 10. மீதி 25. தீப்பெட்டிச் சாமான் 3, பந்தம் பன்னிரண்டு 2, முதுகுப்பை 5, 50 அடிக் கயிறு 1, பத்தடிக் கம்பு 1, இரும்பு முளை பன்னிரண்டு 1, சாப்பாடு 5, எண்ணெய்க் குப்பி இரண்டு 4, பெரிய சாக்கு 2. கையில் மிஞ்சுவது 1 பொன்.

புதியவர்கள் கம்பையும் முளையையும் பார்த்துச் சிரிப்பார்கள். தோணி தள்ளும் கம்பு மாதிரி நீளமான அந்தத் தடி எங்கள் குழுவில் காப்பாற்றிய உயிர்கள், வாள் காப்பாற்றியதைவிட அதிகம். தரையைத் தட்டிப் பார்க்க, சிலையைத் தூரத்தில் நின்று தள்ளிப் பார்க்க, குட்டையின் ஆழம் பார்க்க அதுதான். முளை, நீங்கள் போன பிறகு கதவு தானாக மூடாமலிருக்க அடிப்பது. துரத்தி வருகிறவன் திறக்காமலிருக்கவும் அதே முளைதான். எண்ணெய்க் குப்பியை எறிந்து பற்றவைத்தால் சண்டையின் ஒவ்வொரு ரவுண்டுக்கும் (சுற்றுக்கும்) 8 பக்க டைஸ் அளவு சேதம், இரண்டு ரவுண்ட். 2 பொன்னுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் அந்தக் கடையில் இல்லை.

தகட்டுக் கவசத்துக்கு ஒரு விலை உண்டு. வெறும் உடம்போடு 120 அடி போகும் நேரத்தில் அதைப் போட்டவர் 60 அடிதான் போவார். கோப்ளினும் அதே 60. கோப்ளினைவிடப் பெரிய அரக்கனான ஓர்க் 120. அதாவது ஓர்க் துரத்தினால் நீங்கள் ஓடிப் பயனில்லை. குழுவில் ஒருவர் மட்டும் கவசத்தோடு இருந்து மற்றவர்கள் வெறும் உடம்போடு இருந்தால், ஓட வேண்டிய நேரத்தில் யாரை விட்டுவிட்டுப் போவது என்ற சங்கடம் வரும். கடையிலேயே இதைக் கதைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை எண்ணுங்கள்

நிலவறைக்குள் நேரம் 10 நிமிட டேர்ன்களாக ஓடும். ஒரு பந்தம் ஆறு டேர்ன் எரியும், எண்ணெய் விளக்கு 24. இரண்டு டேர்னுக்கு ஒரு தடவை நடுவர் 6 பக்க டைஸ் ஒன்று போடுவார். 1 விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒன்று உங்களைத் தேடி வருகிறது. ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று தடவை அந்த டைஸ் உருளும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு தடவை யாராவது வந்து சேர்வார்கள். அப்படி வருகிறவர்களிடம் பெரும்பாலும் பொன்னும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு அறையிலும் எல்லாக் கல்லையும் புரட்டிப் பார்ப்பது கெட்டித்தனமில்லை.

இது எங்களுக்கு உறைத்தது 2022இல். மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன காலம். உப்புவெளியில் எங்கள் விறாந்தையில் ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு விளையாடினோம். மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்பதால் அரிக்கன் லாம்பு தூங்கியது. திரி பாதிக்குக் கீழே வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். "திரும்பிப் போவமா?" என்று ஒருவர் கேட்டார். மெழுகுதிரியைச் சொன்னாரா, நிலவறைப் பந்தத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் முடிந்தன.

கொப்பியின் ஓரத்தில் ஆறு கட்டம் கீறி, டேர்னுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு வாருங்கள். பந்தத்தில் பாதி தீர்ந்தால் திரும்பும் நேரம் வந்துவிட்டது. போன வழியில்தான் வர வேண்டும் என்பதை மறந்து செத்தவர்கள் அதிகம்.

கேளுங்கள், பிறகு தொடுங்கள்

இந்த ஆட்டத்தில் உங்கள் தாளில் "தேடுதல்" என்றொரு திறமை எழுதியிருக்காது. நீங்கள்தான் தேட வேண்டும், வாயால். நடுவர் சொல்வது முழுப் படம் அல்ல, வாசல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும். டைஸை உருட்டுவது, கேட்டும் விளங்காத இடத்துக்கு வைத்திருக்கும் கடைசி வழி.

நான் கட்டிய நிலவறை ஒன்றில் ஏழு கிணறு உள்ள அறை இருக்கிறது. கன்னியா வெந்நீர் ஊற்றைப் பார்த்தவர்களுக்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கேயும் சதுரமான ஏழு கிணறு, ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. என் அறையில் ஒரு கிணற்றின் அடியில் பொன். இன்னொன்றின் உள்சுவரில் பச்சைச் சளி, தொட்டால் உடம்பைக் கரைக்கும். முதலில் வந்த குழு ஒன்று, "கிணத்தைத் தேடுறம்" என்று சொல்லிவிட்டு டைஸைக் கையில் எடுத்தது. எந்தக் கிணறு, எப்படி என்று நான் கேட்டேன். "எல்லாத்துக்குள்ளயும் கையை விட்டு." இரண்டு பேருக்கு அன்றே காரியம் முடிந்தது.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு வந்த குழுவில் கிண்ணியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி மோட்டார்சைக்கிளில் வரும் நண்பன் இருந்தான். அவன் அறைக்குள் கால் வைக்கவே இல்லை.

"மச்சான், ஆவி வருதா?"

"நாலு கிணத்தில வருது. மூண்டில இல்ல."

"ஆவி வராத மூண்டிலயும் தண்ணிக்கு மேல ஏதும் கிடக்கா? விளிம்பில பாசி பிடிச்சிருக்கா?"

"ரெண்டில பாசி. ஒண்டு சுத்தமா இருக்கு. கல்லு கழுவிவிட்ட மாதிரி."

"பாசியே பிடிக்காத கிணறா? அப்ப அதுக்குள்ள பாசியைத் தின்னுற ஏதோ இருக்கு. கம்பு நுனியில துணியைச் சுத்தி அதுக்குள்ள விடுறன். உள்சுவரில தொடுறன். கை படாம."

துணி கரைந்தது. கம்பும் அரை அடி குறைந்தது. ஆட்கள் குறையவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் டைஸைத் தொடவே இல்லை.

"தேடுகிறேன்", "கவனமாகப் போகிறேன்" என்று சொல்வதால் எதுவும் நடக்காது. "தரையில் தண்ணீர் ஊற்றுகிறேன், எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று சொல்லுங்கள். பொறிக்குழி இருந்தால் அதன் விளிம்பில் தண்ணீர் இறங்கும். பழைய விதியில் பொறிமேல் கால் வைத்தாலும் ஆறில் இரண்டு தடவைதான் அது வேலை செய்யும். முன்னால் போன மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நாலாவது ஆள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்போதுதான் தரை திறக்கும்.

நடுவரிடம் கேள்வி கேட்டால் கோபிப்பாரோ என்று பயப்படாதீர்கள். சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டு ஆளைச் சாகடிப்பவர் நல்ல நடுவர் இல்லை. நல்ல நடுவர் ஆபத்தின் வாசனையை முதலே காட்டிவிடுவார்: எரிந்த கல், எலும்புக் குவியல், கழுவிவிட்ட மாதிரிச் சுத்தம். அதைப் பிடித்துக்கொண்டு கேள்வியை நகர்த்துவது உங்கள் வேலை.

சண்டை: பிடிக்காமலிருக்கக் காரணம் இருக்கிறது

உங்கள் பாத்திரம் எதனால் நிலை உயர்கிறது என்று பாருங்கள். போர்வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2000 அனுபவப் புள்ளி வேண்டும். ஓர்க் ஒன்றைக் கொன்றால் 10. ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு 2. ஆக ஆயிரம் ஓர்க்கைக் கொல்ல வேண்டும். ஆனால் நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொன்னுக்கும் ஒரு புள்ளி. ஓர்க்குகள் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதே புள்ளிதான். சண்டை பிடிக்காமல் பொன்னோடு வீடு வந்து சேர்வதற்குத்தான் ஆட்டம் சம்பளம் தருகிறது.

எதிரே வருவதெல்லாம் உங்களைக் கொல்லத்தான் வருகிறது என்றும் நினைக்காதீர்கள். எதிர்ப்படுகிறவரின் மனநிலைக்கு நடுவர் இரண்டு டைஸ் போடுவார். 36 விதமாக விழக்கூடியதில் உடனே பாய்வது ஒன்றே ஒன்றில். பகையாக முறைப்பது ஒன்பதில். மிச்சம் 26இலும் கதைக்க இடமிருக்கிறது. ஆகவே வாளை உருவும் முன்பு வாயைத் திறவுங்கள். கோப்ளின் எதற்கு இங்கே நிற்கிறது, யாருக்குப் பயந்து நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் குழு ஒரு தடவை இரண்டு நாள் சாப்பாட்டைக் கொடுத்து அடுத்த மாடியின் வழியைக் கோப்ளினிடமே கேட்டு வரைந்துகொண்டது.

பிடித்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் போய் மாறி மாறி வெட்டுவது கடைசி வழி. கதவு வாசலில் இரண்டு பேர் கேடயத்தோடு நிற்கட்டும், பின்னால் ஈட்டி, அதற்கும் பின்னால் எண்ணெய். முதல் ஆளை எவ்வளவு கெதியாக விழுத்தலாம் என்று பாருங்கள். கூட்டத்தில் முதல் சாவு விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும் நடுவர் அவர்களின் துணிவைச் சோதிப்பார். கோப்ளினின் துணிவு எண் 7. இரண்டு டைஸில் அதைவிடக் கூட விழுந்தால் ஓடிவிடும். ஒரு கோப்ளின் செத்தாலே மற்றவை ஓட நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு. எலும்புக்கூட்டின் எண் 12. அது ஓடாது, அதற்கு முன்னால் வீரம் காட்டாதீர்கள்.

நிலைமை கைமீறுகிறது என்று தெரிந்தால் ஓடுங்கள். ஒருவர் விழுந்த பிறகு அல்ல, விழ முன்பே. ஓடும்போது கையில் இருப்பதை எறியுங்கள்: மிருகத்துக்குச் சாப்பாடு, புத்தி உள்ளதுக்குப் பொன். ஆறில் மூன்று தடவை அது நின்றுவிடும். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்களைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்கட்டுப் பையின் சத்தம் கேட்டால் பின்னாலேயே வரும், ஒன்றைக் கீழே போட்டால் உங்களை மறந்துவிடும். அதே கணக்குத்தான்.

கூலியாட்கள்

ஐந்து பேர் போதாது என்றால் ஊரில் ஆள் பிடிக்கலாம். சராசரிக் கவர்ச்சி உள்ளவருக்கு நாலு பேர் வரை வருவார்கள். பொன்னில் அரைப் பங்காவது கொடுக்க வேண்டும். கரைவலையில் பங்கு குறைந்தால் அடுத்த நாள் இழுக்க ஆள் வராது. இங்கேயும் அப்படித்தான், அவர்களுக்கும் துணிவு எண் இருக்கிறது. பந்தம் பிடிக்க ஒருவர் இருந்தால் உங்கள் இரண்டு கையும் சும்மா இருக்கும். நீங்கள் செத்தால் அந்தப் பந்தக்காரனையே உங்கள் அடுத்த பாத்திரமாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். எங்கள் மேசையில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். பொறிக்கு முன்னால் தள்ளிவிடத்தான் கூலியாள் என்று நினைத்தால், அடுத்த ஊரிலும் உங்கள் பெயர் கெட்டிருக்கும்.

முதல் நாள் எப்படி நடத்துவது

ஐந்தாறு அறை போதும். ஒருவர் வரைபடம் கீறட்டும், ஒருவர் பந்தக் கட்டத்தை வெட்டட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தாமலிருக்க, குழுவின் முடிவை நடுவரிடம் சொல்வதற்கு ஒருவரை நியமியுங்கள். பழைய விதிப்புத்தகத்திலேயே அந்தப் பொறுப்பு இருக்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையைத் தாளில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள். "நான் பின்னால்தானே நின்றேன்" என்ற வழக்கு பிறகு வராது.

முடிக்கும் நேரத்தை முதலே பேசி வைத்து, அதற்கு அரை மணித்தியாலம் முன்பு நிலவறையை விட்டு வெளியேறத் தொடங்குங்கள். அடுத்த போயாவுக்கு யார் வருவார், யாருக்குக் கலியாண வீடு இருக்கும் என்று தெரியாது. பாதி வழியில் நின்றுவிட்டால் வராதவரின் பாத்திரத்தை யார் சுமப்பது? அதனால் எங்கள் ஆட்டம் எப்போதும் ஊர் வாசலில்தான் முடியும். பொன்னை எண்ணி, புள்ளியைப் பிரித்து, பந்தம் எத்தனை மிச்சம் என்று கொப்பியில் எழுதுவோம். ஆசிரியர் தன் நாலாவது பாத்திரத்தின் தாளை மடித்துப் பைக்குள் வைப்பார். கிண்ணியாக்காரன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, "அந்த ஆவி வாற நாலு கிணத்தையும் நாங்க இன்னும் பாக்கல்ல, மச்சான்" என்பான்.